ஸ்டாரோவை வென்றது சுண்ணாம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர்ஹீரோ கதைகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வில்லன் ஊரையே வசியம் பண்ணுவான், பறக்கத் தெரிந்த ஒருவன் வந்து ஒரே குத்தில் முடித்துவிடுவான், பிள்ளைகளுக்கு இதில் படிக்க ஒன்றுமில்லை என்கிறார் கட்டுரையாளர். பாதிக் கதைகளுக்கு அது சரிதான். ஆனால் உதாரணத்துக்கு அவர் ஸ்டாரோ என்ற காமிக்ஸ் வில்லனைப் பிடித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்களுடையது தூத்துக்குடியில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாய் வைத்திருந்த குடும்பம். அந்தக் கதையில் எங்கள் சரக்குக்கு ஒரு பங்கு உண்டு.

ஸ்டாரோ வேற்றுக்கிரகத்திலிருந்து வரும் ராட்சத நட்சத்திர மீன். 1960-ல் கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதி, மைக் செகோவ்ஸ்கி வரைந்த கதை. ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ கூட்டணி முதன்முதலில் தலைகாட்டியதும் அதில்தான். சூப்பர்மேனும் பேட்மேனும் வேறு வேலையில் இருக்க, ஃப்ளாஷ், வொண்டர் வுமன், கிரீன் லான்டர்ன் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள். ஹேப்பி ஹார்பர் என்ற கடலோர ஊரில் அத்தனை பேரும் ஸ்டாரோவின் வசத்தில். ஸ்னாப்பர் கார் என்ற பையன் ஒருவன் மட்டும் தெளிவாக நிற்கிறான். அவனுக்கு ஒரு சக்தியும் கிடையாது. எதற்கெடுத்தாலும் விரலைச் சொடுக்குவான், அவ்வளவுதான். ஏன் அவன் மட்டும் தப்பினான் என்று பார்த்தால், வீட்டுப் புல்தரைக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தவன். உடம்பெல்லாம் அந்தத் தூள். அப்புறம் என்ன, வீரர்கள் ஸ்டாரோமேல் சுண்ணாம்பைக் கொட்டி அடக்குகிறார்கள்.

இது கதாசிரியர் சும்மா அடித்துவிட்டதல்ல. நட்சத்திர மீன் சிப்பியை உண்ணும் விதமே பயங்கரம். கைகளால் இரண்டு ஓட்டையும் பிடித்து இழுத்து, கொஞ்சம் இடுக்கு கிடைத்ததும் தன் இரைப்பையையே வெளியே தள்ளி உள்ளே நுழைத்துவிடும். சிப்பி அதன் ஓட்டுக்குள்ளேயே செரித்துப் போகும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சிப்பி வளர்ப்பவர்கள் இதனால் பெரிய நட்டம் கண்டு, படுகைமேல் சுட்ட சுண்ணாம்பைத் தூவிப் பார்த்தார்கள். நட்சத்திர மீனின் மேல்தோலில் மூச்சுவிடும் மெல்லிய நுனிகள் இருக்கின்றன. சுண்ணாம்பு பட்ட இடம் புண்ணாகி, அது பரவி மீன் செத்துவிடும்.

எங்கள் காளவாயில் கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டுச் சுடுவோம். வெந்த ஓடு பார்வைக்கு அப்படியே இருக்கும், கையில் எடுத்தால் எடை இருக்காது. தண்ணீர் தெளித்ததும் சீறும், விரியும், ஆவி முகத்தில் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் மாவாகிக் கிடக்கும். ஆட்கள் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் பக்கத்தில் போகமாட்டார்கள். சிப்பியைத் தின்கிற பிராணியைச் சிப்பி ஓட்டைச் சுட்ட சாம்பலே கொல்லும் என்பதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்தக் காமிக்ஸில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் அப்பாவுக்கே அது தெரியாது.

குறையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு பூசியவன் மனம் வசியமாகாது என்பதற்கு எந்த வேதியியலும் கிடையாது, அது கதாசிரியரின் கப்சா. பின்னால் வந்த கதைகளில் குட்டி நட்சத்திர மீன்கள் முகத்தில் ஒட்டிக்கொண்டு ஆளை ஆட்டிவைக்கின்றன. படத்துக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. 2021-ல் வந்த ஹாலிவுட் படத்தில் ஈட்டியால் கண்ணைக் குத்தி, அந்த வழியே எலிக்கூட்டத்தை உள்ளே விட்டு ஸ்டாரோவைக் கொல்கிறார்கள். தியேட்டரில் கைதட்டல் வாங்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு எந்தப் பையனும் நட்சத்திர மீன் எப்படித் தின்கிறது என்று தேடமாட்டான்.

கட்டுரையாளர் குறை சொல்ல வேண்டியது இந்தப் பிந்தைய சரக்கைத்தான். முதல் கதையை விட்டுவிடட்டும். உங்கள் சிறுவர் பக்கத்தில் அந்தக் கதையையும் நட்சத்திர மீனையும் சேர்த்து ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். கூடவே ஒரு எச்சரிக்கையும் கொட்டை எழுத்தில் போடுங்கள்: சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். நம்ம பையன்கள் செய்து பார்க்கிற ஆட்கள்.

இப்படிக்கு,
பழைய காளவாய்க்காரர்,
தூத்துக்குடி