காச்சில் கிழங்கையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

பொங்கல் சந்தை பற்றிய உங்கள் செய்தியில் சேனை, சிறுகிழங்கு, பனங்கிழங்கு எல்லாம் இருந்தன. குமரி மாவட்டத்தில் நாங்கள் காச்சில் என்று சொல்லும் பெருவள்ளிக்கிழங்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வள்ளிக்கிழங்கு என்றாலே இன்று பலருக்கும் சர்க்கரைவள்ளியோ மரவள்ளியோதான் நினைவுக்கு வருகிறது. அவை இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவை இங்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, பாரியின் பறம்பு மலையில் உழாமல் விளையும் நான்கு பொருள்களில் ஒன்றாக வள்ளிக்கிழங்கைக் கபிலர் பாடியிருக்கிறார் (புறநானூறு, 109).

இந்தப் பயிர் குறைந்துபோக விதைச்செலவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. இதற்கு விதை கிழங்குதான். ஒரு குழிக்குக் கால் கிலோ துண்டாவது வேண்டும். விளைந்ததில் ஒரு பங்கைச் சாப்பிடாமல் எடுத்து வைத்தால்தான் அடுத்த நடவு. ஆனால் கெட்டுப்போகும் என்ற பயம் வேண்டாம். சென்ற தை மாதம், கொடி காய்ந்த பிறகு தோண்டிய கிழங்குகளை வீட்டு மூலையில் மணல் பரப்பி வைத்தேன். பங்குனியில் பார்த்தபோது ஒன்றுகூட அழுகவில்லை, தோலில் முளை கட்டியிருந்தது. அப்படியே வெட்டி, சாம்பல் தொட்டு நட்டேன்.

திருவனந்தபுரத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ‘ஸ்ரீ கீர்த்தி’ போன்ற நல்ல ரகங்களை வெளியிட்டிருக்கிறது. தோட்டக்கலைத் துறை அந்த விதைக்கிழங்குகளை வாங்கி, பங்குனி நடவுக்கு முன்பே உழவர் சந்தைகள் வழியாக மானிய விலையில் கொடுக்கலாம்.

ஒரு வாசகர், தக்கலை