தனுஷ்கோடி போயிட்டு வந்தோம்

ஏற்காடு

அன்புள்ள கண்ணு,

நல்லா இருக்கியா? ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவுக்குச் சக்கரை கொஞ்சம் இறங்கியிருக்கு. மிளகு நல்லாப் புடிச்சிருக்கு. வேற சேதி இல்லை.

போன வாரம் அத்தையோட ராமேஸ்வரம் போயிட்டு, அப்படியே தனுஷ்கோடியும் பார்த்துட்டு வந்தோம். ரயிலை விட்டு இறங்கி நாலு எட்டு வச்சா கப்பல்னு அப்பாயி சொல்லுமே, அந்த ஊரு. ஸ்டேஷன்ல இடிஞ்ச சுவருதான் மிச்சம். கப்பல் துறை மேலயே பியர் ஸ்டேஷன்னு தனியா ஒண்ணு இருந்துச்சாம், அது போயே போச்சு. 1914-ல பாம்பன் பாலம் வந்தப்புறம், எழும்பூர்ல போட் மெயில் ரயில் ஏறினவங்க அங்கே வந்துதான் கப்பல் மாறுவாங்களாம். அக்கரையில தலைமன்னார் பியர்ல இறங்கினா கொழும்பு ரயில் நிக்கும். இலங்கைத் தோட்ட வேலைக்குப் போன நம்ம சனத்தை மட்டும் இக்கரையில மண்டபம் கேம்ப்ல நாள் கணக்கா நிறுத்தி வச்சுத்தான் ஏத்துவாங்க. அந்தக் கேம்ப்புக் கஞ்சியை அப்பாயி கடைசி வரைக்கும் சொல்லிச்சு.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல, பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலை, ஸ்டேஷனை நெருங்கறப்ப அலை அடிச்சுட்டுப் போயிடுச்சு. நூறு பேருக்கு மேல. அப்புறம் அங்கே ரயிலே விடலை.

அக்கரை பியருக்கு மட்டும் 2015-ல திரும்ப ரயில் விட்டாங்களாமே. அது மன்னார் பக்கம்தானே? அந்தப் பொண்ணு வீட்டுல தெரிஞ்சிருக்கும். சும்மாதான் கேட்டேன்.

மலையில இருந்து கனடா போன புள்ளைன்னு சந்தையில எல்லாரும் உன்னை விசாரிக்கிறாங்க. பெருமையாத்தான் இருக்கு. நாலு மாசமா போன் இல்லைன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்ல? பெத்தவளுக்கு ஒரு நிமிஷம் கிடையாதா? வேளைக்குச் சாப்பிடறியா இல்லையா, அதாவது சொல்லு.

கண்ணு, அன்னிக்கு லைன் கட் ஆகலை. சிக்னல் இல்லைன்னு உங்கிட்டச் சொன்னது பொய். அந்தப் பொண்ணு "அம்மா"ன்னு கூப்பிட்டதும் நான்தான் வச்சேன். அப்பாயி பக்கத்துலதான் படுத்திருந்துச்சு. "மன்னார் புள்ளையா? எங்கிட்டக் குடு"ன்னு கையை நீட்டுச்சு. நான் குடுக்கலை. அடுத்த மாசம் அது போயிடுச்சு. நீட்டின கை கண்ணுலயே நிக்குது.

ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுலதான் இருப்பேன். அந்தப் பொண்ணையும் பேசச் சொல்லு. அப்பாயி அரைக்கிற தேங்காச் சம்பல் எனக்கு அந்தப் பக்குவத்துல வரவே மாட்டேங்குது. அதைக் கேக்கணும்.

அம்மா