வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் தாருங்கள்

அன்புள்ள சிங்கப்பூர்த் தமிழ் வலைப்பதிவர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் இப்போது எழுதுவதோடு நில்லாமல் வலையொலியும் (பாட்காஸ்ட்) பதிவு செய்கிறீர்கள். கண்ணில் படுவதை எல்லாம் விடாமல் கேட்கிறேன். ஆனால் என் அம்மாவுக்கு அவை எட்டவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஈசூனில் எங்கள் வீட்டுச் சமையலறையில் குளிர்பதனப் பெட்டியின் மேல் வானொலி இருக்கிறது. பசியாறியதும் அம்மா ஒலி 96.8-ஐ வைத்துவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்துவிடுவார். போன வாரம், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்களைப் பற்றி உங்களில் ஒருவர் பேசிய பதிவைக் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். கீரைக் காம்பு கையிலேயே நின்றுவிட்டது. "அங்கேதானே உன் பெரியப்பா இருந்தார்!" என்றார். முடிந்ததும், "அடுத்தது?" என்றார். அடுத்தது வேறோர் இணையத்தளத்தில், வேறொரு பெயரில் கிடந்தது. நான் தேடி முடிப்பதற்குள் அவர் வானொலியைத் திருப்பிவிட்டார்.

அதனால் கேட்கிறேன்: உங்கள் பதிவுகளைக் கோத்து ஓர் இணைய வானொலி தொடங்குவோமா? இருபது பேர் வாரம் பதினைந்து நிமிடம் தந்தால் ஐந்து மணி நேரம் ஆகிறது. அதையே சுழற்சியில் விட்டால் காலையில் தவறவிட்டவர் இரவில் கேட்கலாம். ஐஸ்காஸ்ட் போன்ற இலவச மென்பொருளே ஒலிபரப்புக்குப் போதும். பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் என்ற ஒலித்தரம் தாராளம். அந்தத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் விநாடிக்கு 6.4 மெகாபிட்தான்.

திரைப்பாடல் மட்டும் வேண்டாம். மெட்டுக்கும் வரிக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை; அந்தச் செலவு நமக்குத் தாங்காது. பாட்டு இல்லாமல் யார் கேட்பார்கள் என்று தயங்காதீர்கள். நம் ஊர்ப் பேச்சுக்கு ஆள் உண்டு என்பதை அந்தக் கீரைக் காம்பில் பார்த்தேன். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதன் முன் உட்கார்ந்து பேசுங்கள். எதிரொலி அடங்கிவிடும்.

1995-இல் நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் ஏற்றியபோது எழுத்துருவைக்கூட அவரே உருவாக்க வேண்டியிருந்தது. நமக்கு எல்லாம் கையில் இருக்கிறது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருவதற்குள் ஒலிபரப்பைத் தொடங்கிவிட முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒலியளவைச் சமன்படுத்துவதும் நிகழ்ச்சி நிரல் போடுவதும் என் பொறுப்பு. செம்பவாங் பற்றிப் பேசியவரே, இரண்டாம் பகுதியை உங்களிடமிருந்து முதலில் எதிர்பார்க்கிறேன். அம்மா இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு நேயர்