பழைய போர்ஷே காரின் ஹீட்டர் வாடையை அலட்சியம் செய்யலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய போர்ஷே 911 கார்களைப் பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே பழைய கார்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கும் எனக்கு, இந்தக் கார்களைப் பற்றித் தமிழில் இவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரை அபூர்வமாகவே கண்ணில் படுகிறது. ஆயினும் அதிலிருந்த இரண்டு கருத்துகள் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. இக்கார்களின் ஹீட்டர் பிறவியிலேயே பலவீனமானது என்பதால் உள்ளே குளிர்காற்று வந்தாலும் கவலைப்பட வேண்டாம் என்பது ஒன்று. ஹீட்டரிலிருந்து கெட்ட வாடை அடித்தால் கதவுக் கண்ணாடியைச் சற்று இறக்கிக்கொண்டு ஓட்டலாம் என்பது மற்றொன்று. முதலாவது தவறான கருத்து. இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1963ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டதிலிருந்து 1998இல், காற்றால் குளிரும் கடைசி 911ஆன 993 வகையின் உற்பத்தி நின்றது வரை, 911 காரின் இன்ஜின் காற்றினாலும் ஆயிலினாலுமே குளிர்விக்கப்பட்டு வந்தது. அதில் ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. மற்றக் கார்களில் இன்ஜினின் கொதிநீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சிறு ரேடியேட்டருக்குள் ஓடி வெப்பம் தருவதைப் போன்ற ஏற்பாடு இதில் இருக்க வழியில்லை. அதற்குப் பதிலாக, சிலிண்டர்களிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்களைச் சுற்றி ஒரு தகட்டு உறையைப் போர்த்தி, அந்த உறைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள வெளியில் இன்ஜின் ஃபேனின் காற்றைச் செலுத்துகிறார்கள். இதைத்தான் வெப்பமாற்றி என்கிறோம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு இருக்கும். அங்கே சூடேறிய காற்று, அதன் வழியைத் திருப்பிவிடும் மூடி கொண்ட ஒரு மடல் பெட்டிக்கு வருகிறது. கைப்பிரேக்குக்கு அருகிலுள்ள நெம்புகோலை உயர்த்தினால் கேபிள் அந்த மடலை இழுக்கும். காற்று ஹோஸ் குழாய் வழியாக, கதவுக்குக் கீழே உடலோடு ஓடும் உள்ளீடற்ற கதவடிப் பெட்டிக்குள் நுழைந்து, முன்னால் கால் வைக்கும் இடத்துக்கும் முன்கண்ணாடிக்கும் போகும். நெம்புகோலைத் தாழ்த்தினால் அதே சூடான காற்று காருக்கு அடியில் வெளியேறிவிடும்.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் பழுது கண்டுபிடிக்கும் வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் வெப்பமாற்றிகளுக்குள் காற்று ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே, நெம்புகோலைத் தாழ்த்திய நிலையில், காரைத் திறந்தவெளியில் உறுதியாக உயர்த்தி நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு மடல் பெட்டியின் வாய்க்கும் சற்றுத் தள்ளிக் கையை நீட்டிப் பார்த்தால் போதும். அங்கே வெப்பக் காற்று வேகமாக வெளியேறினால், ஃபேனும் வெப்பமாற்றியும் தம் வேலையைச் செய்கின்றன. பழுது அங்கிருந்து முன்கண்ணாடி வரையிலான வழியில்தான் இருக்கிறது. காற்றே வரவில்லையென்றால், பெட்டிக்குப் பின்னால், அதாவது இன்ஜின் பக்கமாகத் தேட வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமலேயே ஆயிரக்கணக்கான யூரோ செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் நண்பர் ஒருவரின் 1981ஆம் ஆண்டு 911 எஸ்.சி. காருக்கு நேர்ந்தது இதுவே. இன்ஜினை இறக்கி ஆயில் கசிவைச் சரிசெய்த ஒரு பணிமனை, மறு குளிர்காலத்தில் வலப்பக்கம் வெப்பம் வரவில்லை என்று அவர் சொன்னதும், வெப்பமாற்றி அரித்துப்போயிருக்கும் என்று கூறி இரண்டையும் மாற்றிக் கொடுத்தது. அதன் பிறகும் வலப்பக்கம் குளிர்ந்தே இருந்தது. கார் என்னிடம் வந்தபோது இன்ஜின் அறையைத் திறந்து பார்த்தேன். ஃபேன் கூட்டின் வலப்புற வாயிலிருந்து கீழே வெப்பமாற்றிக்கு இறங்க வேண்டிய ஹோஸ் குழாய் அந்த இடத்திலேயே இல்லை. இன்ஜினை மீண்டும் ஏற்றியபோது அதை மாட்ட மறந்திருக்கிறார்கள். கழற்றி எறியப்பட்ட பழைய வெப்பமாற்றிகளில் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது; அவை இன்னும் பல ஆண்டுகள் உழைத்திருக்கும். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்ற அடையாளமே, இரு பக்கத்துக்கும் பொதுவான ஃபேன் நன்றாக இருக்கிறது, கோளாறு குளிர்ந்த பக்கத்தின் வழியில் மட்டுமே இருக்கிறது என்று கைநீட்டிச் சொல்கிறதே! அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லாமல் போனது இன்றும் என்னை வருத்துகிறது.

மடல் பெட்டியிலும் அதற்கு முன்னால், அதாவது இருக்கைகளின் பக்கமாகவும் உள்ள பழுதுகள் பெரும்பாலும் எளியவை. ஒருவர் உள்ளே நெம்புகோலை ஏற்றி இறக்க, மற்றொருவர் கீழிருந்து மடலின் கைகள் இரண்டும் முழுவதுமாக, சம அளவில் திரும்புகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கேபிளைப் பிடிக்கும் திருகு நழுவியிருக்கும், அல்லது மடலின் அச்சு துருப்பிடித்து இறுகியிருக்கும். இறுகிய மடலை நெம்புகோலால் பலமாக இழுத்தால் கேபிள் அறுந்துவிடும். ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து, கேபிளைக் கழற்றிய பிறகு கையால் மெல்ல அசைத்து விடுவிப்பதே முறை. கோடையில்கூட ஹீட்டர் நிற்பதில்லை என்ற புகாருக்கும் பலமுறை இந்த மடலே காரணம். அடுத்து, பெட்டிக்கும் கார் உடலுக்கும் இடையிலுள்ள வளையும் ஹோஸ் கிழிந்திருக்கிறதா, நழுவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்நாட்டுச் சாலைகளில் தூவும் உப்பு கதவடிப் பெட்டிகளையும் தின்றுவிடும். 1976 மாடல் ஆண்டிலிருந்து 911இன் உடல் முழுவதும் துத்தநாகம் பூசி வந்தது. அதற்கு முந்தைய கார்களில் கதவடியில் ஓட்டை விழுந்து வெப்பம் நடுவழியிலேயே சிந்திப்போவது சாதாரணம். அந்தப் பூச்சு வெப்பமாற்றிகளுக்குக் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஃபேன் இன்ஜினின் பெல்ட்டால் சுழல்வது. சிக்னலில் நிற்கும்போது அது மெதுவாகச் சுற்றுவதால் வெப்பக் காற்றும் குறையும். நெடுஞ்சாலையில் அதே ஹீட்டர் கால்களைச் சுடும். இதைப் பழுது என்று கொள்ள வேண்டாம். இந்தக் குறையைப் போக்கவே பின்னாளில் வந்த கார்களில் இன்ஜின் அறையில் மின்சார ப்ளோயர் ஒன்றைச் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட காரில் ஓடும்போது சூடும் நிற்கும்போது குளிரும் வந்தால், முதலில் அந்த ப்ளோயரின் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். வெப்பநிலையைத் தானே அளந்து மடலைத் திருப்பும் மோட்டார் உள்ள கார்களில், உணர்கருவியையோ மோட்டாரையோ குறை சொல்லும் முன், மடலைக் கையால் திருப்பினால் வெப்பம் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆரம்பகாலக் கார்கள் சிலவற்றில் முன்பெட்டிக்குள் பெட்ரோலை எரித்து வெப்பம் தரும் தனிக் கருவி இருந்தது. அதை அறிந்தவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

இனி வாடைக்கு வருகிறேன். இது வேறு கதை. வெப்பமாற்றிக்குள் எக்ஸாஸ்ட் புகையையும் நாம் சுவாசிக்கும் காற்றையும் பிரிப்பது ஒரே ஒரு குழாய்ச் சுவர்தான். அந்தச் சுவர் அரித்தாலோ, அது சிலிண்டர் தலையுடன் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் ஊதிப்போனாலோ, கார்பன் மோனாக்சைடு காருக்குள் வர வழி பிறக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அதைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று வருவதைப் பயணக் களைப்பு என்றே ஓட்டுநர் நினைத்துக்கொள்வார். வாடை வந்தால் கண்ணாடியை இறக்கலாம் என்று எழுதுவது இதனால்தான் தகாது: நாசிக்குத் தெரியும் வாடை அடங்கினாலும், தெரியாத வாயு இருக்கலாம், கண்ணாடியை இறக்கியதால் ஆபத்து நீங்கியது என்று சொல்ல எவராலும் முடியாது. வாடையோ தலைவலியோ வந்தால் காரை நிறுத்தி இறங்க வேண்டும். காரணம் தெரியும்வரை அதை ஓட்டக் கூடாது.

வாடையின் வகையும் தடம் காட்டும். எண்ணெய் கருகும் வாடை என்றால், இன்ஜினின் அடியில் ஆயில் திரும்பும் குழாய்களின் ரப்பர் வளையங்களோ வால்வு மூடிகளின் கேஸ்கட்டோ கசிந்து, வெப்பமாற்றியின் மேல் ஆயில் சொட்டிக்கொண்டிருக்கலாம். பெட்ரோல் வாடையாக இருந்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஹீட்டரைப் போட்டால் மட்டும் வருகிறதா, எப்போதுமே வருகிறதா? 911இன் பெட்ரோல் டாங்க் முன்னால் இருக்கிறது. எப்போதும் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். ஹீட்டர் போட்டதும் வருவது, இன்ஜின் அறையில் கசியும் பெட்ரோல் குழாயின் ஆவியை ஃபேன் உறிஞ்சி உள்ளே அனுப்புவதாக இருக்கக்கூடும்; அது எந்த நேரமும் தீப்பிடிக்கக் காத்திருக்கும் கோளாறு. இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளின் ரப்பர் ஓரத்தையும் பார்க்க வேண்டும். அது கிழிந்திருந்தால் கீழேயுள்ள எக்ஸாஸ்ட் புகை மேலேறி ஃபேனுக்குள் போகும். வெப்பமாற்றி புதிதாகவே இருந்தாலும் பயன் இராது.

எக்ஸாஸ்ட் கசிவு உண்டா என்று பார்க்கக் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய உடனே காது கொடுக்க வேண்டும். சூடேறியதும் உலோகம் விரிந்து சிறு கசிவுகள் அடங்கிவிடும். இணைப்புகளைச் சுற்றிக் கரிப்படலம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கலாம். உறைக்குள் உள்ள ஓட்டையை வெளியிலிருந்து காண முடியாது. சந்தேகம் இருந்தால் வெப்பமாற்றியைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வழியைச் சோதனைப் புகையால் நிரப்பி, அது காற்று வழியில் எட்டிப்பார்க்கிறதா என்று சோதிப்பதே நம்பத்தக்கது. கசிவு உள்ள வெப்பமாற்றியை மேலோட்டமாகப் பற்றவைத்து மீண்டும் மாட்டுவதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை இருக்கைக்கு அருகில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அது ஒலிக்கவில்லை என்பதற்காக வாடையைப் பொருட்படுத்தாமல் விடக் கூடாது.

அக்டோபர் முடிவதற்குள் இங்கே பலரும் ஹீட்டரைப் போடத் தொடங்கிவிடுவார்கள். தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி ஓட்டலாம் என்று ஒருவரேனும் நினைத்திருக்கக்கூடும் என்பதால், அந்த வரிக்கான திருத்தத்தைக் கட்டுரை வெளியான அதே பக்கத்தில், குளிர் தொடங்கும் முன்பாகவே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஸ்டுட்கார்ட், ஜெர்மனி