சுழலாத பந்து

போஸ்டன்
4 அக்டோபர் 2023

அன்புள்ள கண்ணாவுக்கு,

ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்காக நக்கிள்பால் என்ற சுழலாத பந்தை வீசிய டிம் வேக்ஃபீல்ட் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். மூளையில் புற்றுநோய். 57 வயதுதான், சாகிற வயதா அது? போனில் நீ வேறெதுவும் பேசவில்லை. "அந்தப் பந்தை எப்படிப் போடுவார்னு எழுதி அனுப்பும்மா, பிள்ளைக்குக் காட்டணும்" என்று மட்டும் கேட்டாய். அதையே எழுதுகிறேன்.

நக்கிள்பால் என்ற பெயரை நம்பி, விரல் முட்டியால் பிடிக்கச் சொல்லிவிடாதே. வேலை செய்வது நகம்தான். பந்தில் தையல் லாடம்போல வளையும் இடத்தைக் கண்டுபிடி. அந்த வளைவுக்குச் சற்றுக் கீழே, நூலில் படாமல், ஆள்காட்டி விரல் நகத்தையும் நடுவிரல் நகத்தையும் தோலில் ஊன்ற வேண்டும். கட்டைவிரலும் மோதிரவிரலும் பக்கவாட்டில் தாங்கினால் போதும். இறுக்க வேண்டாம். மணிக்கட்டு மடங்கவே கூடாது. கதவைத் தள்ளுவதுபோலப் பந்தை முன்னால் தள்ளி, இரண்டு நகங்களையும் ஒன்றாக விட வேண்டும்.

ஃபாஸ்ட்பால், அதாவது வேகப்பந்து, நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுழலும். இதுவோ பந்து வீசும் பிட்சர் நிற்கும் மவுண்டிலிருந்து அடிப்பவர் முன்னால் இருக்கும் பிளேட் வரைக்குமான 60 அடி 6 அங்குலத்தில் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று. தையல் நிற்கும் பக்கத்தில் காற்று ஒரு விதமாகவும், வழவழப்பான பக்கத்தில் வேறு விதமாகவும் பிரிவதால் பந்து ஒதுங்குகிறது. எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று வீசியவருக்கே தெரியாது.

கெட்டுப்போக வழிகள் ஏராளம். ஒரு விரல் முந்தி விட்டால் பந்து பக்கவாட்டில் சுழலும். நகம் குட்டையானால் விரல்சதை ஒட்டிச் சுழற்றிவிடும், நீளமானால் உடையும். அதனால் பிள்ளைக்கு நகவெட்டி கொடுக்காதே, அரத்தால் தேய்த்துவிடு. வியர்வை வழுக்கும். முகத்தில் அடிக்கும் காற்று நல்லது, முதுகில் அடிப்பது ஆகாது. எல்லாவற்றையும்விட, ரன் போய்விடுமோ என்ற பயத்தில் வேகத்தைக் கூட்டினால் மணிக்கட்டு தானாக மடங்கிவிடும். சுழலும் நக்கிள்பால் மணிக்கு 105 கிலோமீட்டரில் நேராக மிதந்து வரும். அதை யாரும் அடிப்பார்கள்.

2003 அக்டோபர் 16, நியூயார்க் யாங்கீஸ் அணியின் யாங்கீ ஸ்டேடியம், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். 11-வது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் வேக்ஃபீல்ட் போட்ட முதல் பந்து ஒதுங்கவில்லை. யாங்கீஸின் ஆரன் பூன் அதை ஹோம் ரன் அடித்தார், ரெட் சாக்ஸ் தொடரையே இழந்தது. அந்தத் தொடரில் ரெட் சாக்ஸ் வென்ற மூன்று ஆட்டங்களில் இரண்டு அவருடைய வெற்றி என்பதை அன்று நினைத்துப் பார்த்தவர் குறைவு.

பிடிப்பவர் பாடு இன்னும் பெரிது. டக் மிராபெல்லி பெரிய கையுறை போட்டுத்தான் உட்காருவார். பந்தை நோக்கிக் கையை நீட்டினால் தொலைந்தது, கடைசி நொடி வரை அதை வரவிட வேண்டும். 2005 டிசம்பரில் அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, வேறு யாராலும் இந்தப் பந்தைச் சரியாகப் பிடிக்க முடியாமல், 2006 மே 1 அன்று திரும்ப வரவழைத்தார்கள். விமான நிலையத்திலிருந்து போலீஸ் துணையோடு, வண்டிக்குள்ளேயே சீருடை மாற்றிக்கொண்டு ரெட் சாக்ஸின் ஃபென்வே மைதானத்துக்கு வந்தார்!

வேக்ஃபீல்ட் 1988-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்குத் தேர்வானது முதல் பேஸ் ஆட்டக்காரராக. மட்டை கைகொடுக்கவில்லை, பிட்சரானார். 1995-இல் அந்த அணியும் விலக்கிவிட, இங்கே வந்து முதல் ஆண்டே 16 வெற்றி. மொத்தம் 200, அதில் 186 போஸ்டனுக்கு. 3,006 இன்னிங்ஸ், ரெட் சாக்ஸில் வேறெவரும் அவ்வளவு வீசியதில்லை. ஆனால் எனக்கு நெஞ்சை அடைப்பது இந்தக் கணக்கல்ல. ஜிம்மி ஃபண்ட் என்ற அறநிதி வழியாகப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அத்தனை வருடம் துணை நின்றவரை அதே நோய் கொண்டுபோய்விட்டது.

பிள்ளையை உட்காரவைத்து, அதே யாங்கீஸுடன் ஆடிய 2004 தொடரைப் போட்டுக் காட்டு. ரெட் சாக்ஸ் 19-8 என்று தோற்ற மூன்றாவது ஆட்டத்தில், மறுநாள் தான் தொடங்க வேண்டிய ஆட்டத்தை விட்டுக்கொடுத்து அவர் மூன்றேகால் இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். மற்ற பிட்சர்களின் கை மிஞ்சியது அதனால்தான். பிறகு ஐந்தாவது ஆட்டம், 13-வது இன்னிங்ஸ். அன்று பிடித்தவர் மிராபெல்லி அல்ல, ஜேசன் வேரிடெக். ஒரே இன்னிங்ஸில் மூன்று பந்து அவர் கையைத் தாண்டி ஓடும். இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள் நிற்க, யாங்கீஸின் ரூபன் சியரா மட்டையைச் சுழற்றி ஏமாறுவார். அந்தப் பந்தை மட்டும் மெதுவாக ஓட்டித் தையலைப் பாருங்கள்.

அன்புடன்,
அம்மா