கட்டுமரம் என்பது எது?

ஐயா,

பாய்மரப் படகுப் போட்டி குறித்த தங்கள் செய்தியில், இரட்டை உடல் கொண்ட கண்ணாடியிழைப் படகின் படத்துக்குக் கீழே ‘கட்டுமரம்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்பதற்கு இன்று அதுவே பொருள். தமிழில் அது பொருந்தாது. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் மரத்தெப்பத்தைத்தான் இச்சொல்லால் குறித்தார். 1870களில் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் இரட்டை உடல் பந்தயப் படகுகளைக் கட்டியபோது இப்பெயர் அவற்றுக்கு ஒட்டிக்கொண்டது; அவ்வடிவம் பசிபிக் தீவு மக்களின் மரபைச் சேர்ந்தது, நம் கரையுடையது அன்று.

நொச்சிக்குப்பத்தில் கரையேறிய கட்டுமரத்தின் கயிற்றை மீனவர்கள் அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயவைப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். நீர் ஊறிய மரம் மறுநாள் கடலில் கனக்கும் என்பதே காரணம். கட்டி அவிழ்ப்பதிலேயே உயிர் கொண்ட அத்தொழில்நுட்பத்தின் பெயரை, ஃபைபர் படகுகள் பெருகி அது கண்ணிலிருந்தே மறைந்துவரும் இக்காலத்தில், நாமே வேறொன்றுக்குச் சூட்டுவது பெரும் இழப்பு. பந்தயப் படகை ‘இரட்டை உடல் படகு’ என்றே எழுதுமாறும், கட்டுமரம் கட்டத் தெரிந்த மூத்த மீனவர்களைக் கண்டு ஒரு சிறப்புக் கட்டுரை வெளியிடுமாறும் வேண்டுகிறேன்.

– வாசகர், மயிலாப்பூர், சென்னை