டிரெஸ்டன் அம்மையாருக்கும் உடன் நின்ற அனைவருக்கும்: எங்கள் பாடகர் குழுவின் நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் கொயர் மாஸ்டர் நலமாக வீடு திரும்பிவிட்டார். எங்கள் குழுவின் ஜெர்மனிப் பயணத்தின் பிற்பாதியில் அவர் நோயுற்று டிரெஸ்டன் நகர மருத்துவமனையில் படுத்திருந்தது உங்கள் அனைவருக்கும் தெரியும். உங்களில் பலர் அந்த இரவுகளில் ஜெபத்திலும் தொலைபேசியிலும் எங்களோடு விழித்திருந்தீர்கள். ஆகவே அதை மறுபடியும் விவரிக்கப்போவதில்லை. நேற்று மாலை அவர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து, தாழ்குரலில் பாடும் ஆல்ட்டோ பெண்களின் வரிசையைப் பார்த்து, "சுருதி இறங்குகிறது" என்று கடிந்துகொண்டபோது எங்கள் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியின் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இன்றே உட்கார்ந்துவிட்டேன்.

நன்றிக்குரியவர்கள் பலர். அவர்களுள் முதலில் நிற்பவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. டிரெஸ்டன் மருத்துவமனையில் மாஸ்டருக்கு அடுத்த கட்டிலில் இருந்த முதியவரின் மனைவி அவர். இந்த மடலை அவருக்கு ஜெர்மன் மொழியில் வாசித்துச் சொல்வதாக, அதே வார்டில் பணிபுரியும் கேரளச் செவிலியர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஜெர்மன் மருத்துவமனைகளில் சூடான சாப்பாடு பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும். மாலையில் வருவது ரொட்டித் துண்டுகள், வெண்ணெய், சீஸ், சில மெல்லிய இறைச்சித் துண்டுகள். அங்குள்ளவர்கள் தங்கள் வீடுகளிலும் அப்படித்தான் உண்கிறார்கள் என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழுபது வயதுவரை இரவில் சூடாக எதையாவது சாப்பிட்டே பழகிய ஒரு மனிதருக்கு, அதுவும் உடம்புக்கு முடியாத நேரத்தில், அந்த ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. தட்டை அப்படியே மூடி வைத்துவிடுவாராம். நாங்கள் ஆராதனைகளுக்கும் கச்சேரிகளுக்குமாக ஓடிக்கொண்டிருந்த அந்த நாள்களில், மூடிய தட்டைக் கவனித்தவர் அடுத்த கட்டிலருகே அமர்ந்திருந்த இந்த அம்மையார்தான்.

மறுநாள் மாலை அவர் கணவருக்காகக் கொண்டுவந்த பிளாஸ்க்குடன் இன்னொரு பிளாஸ்க்கும் இருந்தது. உருளைக்கிழங்கு சூப். நோயாளிக்குக் கொடுக்கலாமா, உப்பு எவ்வளவு இருக்கலாம் என்றெல்லாம் செவிலியரிடம் முறையாக விசாரித்து, இறைச்சி எதுவும் சேர்க்காமல் தனிப் பாத்திரத்தில் காய்ச்சியிருந்தார். இந்தியர் என்றால் இறைச்சி உண்ணமாட்டார் என்று அவராகவே முடிவுசெய்துகொண்டார். எங்கள் மாஸ்டர் ஆட்டுக்கறிப் பிரியர் என்பதை இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. இதை வாசித்துக் காட்டப்போகும் செவிலியர் இந்த ஒரு வரியை மட்டும் தாண்டிப் போகுமாறு வேண்டிக்கொள்கிறேன். அன்றிலிருந்து மாஸ்டர் வீடு திரும்பும்வரை ஒரு மாலையும் அந்த இரண்டாவது பிளாஸ்க் வராமல் இருந்ததில்லை. ஒருநாள் பாலில் வேகவைத்த அரிசி வந்தது. சோறு தேடும் மனிதர் என்று செவிலியர் சொல்லியிருக்க வேண்டும். மாஸ்டர் அதைக் குழந்தை போல வழித்துச் சாப்பிட்டதாக அவரே எங்களிடம் வெட்கத்தோடு சொன்னார்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பயணமே போரின் நினைவை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டது. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ் டிரெஸ்டனுக்கு அருகில் உள்ளது. அவர் பயின்ற ஹாலே நகரில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் காக்கப்படுகின்றன. ஞானப்பாட்டுகளில் நாங்கள் பாடும் ராகங்கள் பல அந்த மண்ணில் பிறந்தவை. முதல் உலகப் போரின்போது ஆங்கிலேய அரசு லைப்சிக் மிஷனரிகளை எதிரி நாட்டவர் என்று அப்புறப்படுத்தியதையும், அதன்பின் 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருவானதையும் எங்கள் தாத்தாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். எனவே அந்த நாட்டின் போர்கள் எங்களுக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல.

லைப்சிக்கில் தாமஸ் ஆலயத்தின் எதிரே நிற்கும் இசையமைப்பாளர் மெண்டல்சோனின் சிலையைப் பார்த்தோம். அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக 1936இல் நாஜிகள் அகற்றிய சிலையின் மறுவடிவம் அது, 2008இல்தான் நிறுவப்பட்டது. வைமாருக்கு வெளியே குன்றின்மீதுள்ள புக்கன்வால்ட் நாஜி வதைமுகாமில் எங்களுக்குப் பேச்சே எழவில்லை. 1937 முதல் 1945 வரை ஏறக்குறைய 2,80,000 பேர் அடைக்கப்பட்டு, 56,000 பேர் மடிந்த இடம். கைதிகளைக் கொண்டே ஒரு முகாம் பாட்டை எழுதவும் இசையமைக்கவும் செய்து, அதைக் கடுங்குளிரில் மணிக்கணக்காகப் பாடவைத்தார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, பாடுவதையே வாழ்வாகக் கொண்ட நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அணிவகுப்புத் திடலில் தரையோடு பதித்த ஒரு உலோகத் தகடு இருக்கிறது. மனித உடலின் வெப்பநிலையான 37 டிகிரியில் அது எந்நாளும் வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் உச்சக்குரல் சோப்ரானோ பெண்கள் குனிந்து அதன்மீது கைவைத்தார்கள். அங்கே பாடுவதாக இருந்தோம்; பாடவில்லை. அதுவே சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

இந்தப் பாரத்தோடுதான் டிரெஸ்டன் வந்தோம். இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய நேச நாடுகளின் குண்டுவீச்சில் அங்கே ஏறத்தாழ 25,000 பேர் இறந்தனர். திருச்சிலுவை ஆலயத்துச் சிறுவர் பாடகர் குழுவிலும் பதினொரு பையன்கள் மாண்டார்கள். அவர்களுடைய இசை ஆசான் ரூடால்ஃப் மவர்ஸ்பெர்கர் வேதாகமத்தின் புலம்பல் புத்தக வரிகளுக்கு இசையமைத்து, அதே ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள், எரிந்துபோன அந்த ஆலயத்துக்குள்ளேயே எஞ்சிய பையன்களைக் கொண்டு பாடவைத்தார். அதே நகரம்தான் 1938இல் தன் யூத ஜெபாலயத்தை எரித்தது. குண்டு விழுந்த அன்றுதான் அங்கே எஞ்சியிருந்த யூதர்களுக்கு நாடுகடத்தல் ஆணைகள் கொடுக்கப்பட்டன. அந்தக் குழப்பத்தில் தப்பியவர்களில் ஒருவர் அறிஞர் விக்டர் கிளெம்பரர். ஒரே இரவு சிலரைக் கொன்றது, சிலரைக் காத்தது. இதை எந்தத் தராசில் நிறுப்பது?

அந்த அம்மையாரிடமும் அவர் கணவரிடமும் இதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்ற ஆவல் எங்கள் இளைஞர்களுக்கு இருந்தது. அம்மையார் போர் முடிந்த ஆண்டில் பிறந்தவர். கணவர் அந்த இரவில் சிறு பிள்ளை. செவிலியர் தயக்கத்தோடு கேட்டுச் சொன்ன அம்மையாரின் பதில் ஒன்றே: "கணவர் இன்றுவரை வீட்டின் நிலவறைக்குள் இறங்குவதில்லை, உருளைக்கிழங்கு எடுக்கவும் நான்தான் இறங்குகிறேன்." அதோடு பேச்சை நிறுத்திவிட்டு, மாஸ்டர் சாப்பிட்டாரா என்று கேட்டாராம். எழுபத்தைந்து, எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய துயரத்தைக் கேட்டறியக் கண்டம் தாண்டிச் சென்றவர்கள் நாங்கள். அவருடைய கவனமோ எதிரே இருந்த, இன்னும் திறக்கப்படாத பிளாஸ்க்கின்மீது இருந்தது.

டிரெஸ்டனின் புதிய யூத ஜெபாலயத்தின் வாசலுக்கு மேலே உள்ள தாவீதின் நட்சத்திரம் எரிக்கப்பட்ட பழைய ஆலயத்துடையது. ஆல்ஃபிரெட் நொய்கெபவர் என்ற தீயணைப்பு வீரர் அதை எடுத்து, போர்க்காலம் முழுவதும் ஒளித்துவைத்திருந்து, பின்னர் யூதச் சமூகத்திடம் திருப்பிக் கொடுத்தார். தீயை அவரால் தடுக்க முடியவில்லை. கைக்கு எட்டியதைச் செய்தார். அதைக் கேட்டபோது எனக்கு மருத்துவமனை நினைவுதான் வந்தது.

மற்றவர்களைத் தனித்தனியே சொல்லத் தொடங்கினால் மடல் முடியாது. தம் வீடுகளில் எங்களைத் தங்கவைத்த சாக்சனித் திருச்சபைக் குடும்பங்கள். இடியாப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு தொலைவிலிருந்து காரில் வந்த ஈழத்துக் குடும்பங்கள் (போரைத் தப்பி வந்து அந்நாட்டில் வேர்விட்ட அவர்கள், எங்களிடம் போரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை). தமது ஓய்வு நாளிலும் சொந்தக் காரில் மாஸ்டரின் துணைவியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற பேருந்து ஓட்டுநர். நள்ளிரவிலும் காகிதங்களை அனுப்பிய காப்பீட்டு முகவர். கோலெடுத்து எஞ்சிய கச்சேரிகளை நடத்திய எங்கள் இளைய நடத்துநர். ஊரில் ஒவ்வொரு மாலையும் ஆலயத்தில் கூடிய சபையார். எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

அம்மையாருக்குப் பணமோ பரிசோ அனுப்ப முடியவில்லை. அவர் வாங்க மறுத்துவிட்டார். ஆகவே குழு கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து கட்டட வேலை செய்யும் இளைஞர்கள் படுத்திருக்கிறார்கள். ரொட்டிக்குப் பழகியவர்கள் என்பதால் சோற்றைப் பார்த்து, தட்டை மூடி வைத்துவிடுகிறவர்கள் அவர்களில் உண்டு. வரும் மாதம் முதல், சனிக்கிழமைப் பயிற்சிக்கு முன்னால், மருத்துவர்களின் அனுமதியோடு அவர்களுக்குச் சப்பாத்தியும் பருப்பும் கொண்டுபோவோம். கோதுமை மாவு தர விரும்புவோர் பயிற்சி நேரத்தில் ஆலய வளாகத்தில் கொடுக்கலாம். முதல் வாரப் பொறுப்பு டெனர் குரலில் பாடும் ஆண்களுடையது. சப்பாத்தி வட்டமாக வரும் என்று உறுதிகூற இயலாது.

நன்றியுடன்,
பாடகர் குழுச் செயலாளர்